விரிசலுக்கு ஓர் உடுக்கை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விரிசல் ஓடுகிறது. ஒரு முனையில் ஆரம்பித்து முக்கால் முழம் உள்ளே வந்து, நூல் போல இளைத்து மறைகிறது. அதன் குறுக்கே கறுப்பாக இரண்டு கட்டைகள் பதிந்திருக்கின்றன. நடுவில் சிறுத்து, இரு பக்கமும் அகன்றவை. புதிதாக வருகிறவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் விரல் தானாக அங்கே போய்விடும். "இது டிசைனா?" என்று கேட்பார்கள். என் மாமியார் மட்டும் சுற்றி வளைக்கவில்லை. "என்னங்க மாப்ள, உடைஞ்ச பலகையை உங்க தலையில கட்டிட்டாரா அந்த ஆசாரி?" என்றார்.

பலகை கடையில் வாங்கியதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அன்று பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்தது. எங்கள் கொல்லை மட்டுமா? சுற்று வட்டாரம் முழுக்கப் பலாவும் முந்திரியும் படுத்துக் கிடந்தன. பண்ருட்டிப் பலா என்றால் தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் தேடி வந்து வாங்குகிற மரம். ஆனால் ஊரே சாய்ந்து கிடக்கும்போது விலை எங்கே நிற்கும்? அப்பா வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். நான் சண்டை போட்டு அடிமரத்தில் ஒரு துண்டை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டேன். மில்லில் கொடுத்து ஐந்து பலகைகளாக அறுத்தோம். அறுத்த அன்று அவை மஞ்சள் கிழங்கை வெட்டினாற்போல இருந்தன.

அடுத்து நான் செய்தது மடத்தனம். ஆறே மாதத்தில் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பட்டறையில் மேசை செய்யக் கொடுத்தேன். காய்ந்துவிட்டதா என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பளபளவென்று பாலிஷ் அடித்து, அடியில் இரும்புச் சட்டம் வைத்து, சுற்றிலும் ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் பலகை ஓட்டுக்கூரையின் ஓடு மாதிரி வளையப் பார்த்தது. ஸ்க்ரூக்கள் விடவில்லை. ஒரு ராத்திரி கூடத்தில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் மேசை இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்த எரிச்சலில்தான் மரம் ஏன் வெடிக்கிறது என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். தேடப் போன இடத்தில் ஒரு படம் கிடைத்தது. கறுப்பு வால்நட் மரத்தில் நீளமான ஒரு மேசை. ஓரங்கள் மரம் நின்ற வாக்கிலேயே நெளிந்து போகின்றன. பலகையின் நடுவே என் மேசையில் விழுந்ததைவிடப் பெரிய விரிசல். அதை மக்கு அடைத்து மறைக்காமல், குறுக்கே பட்டாம்பூச்சி வடிவத்தில் கட்டைகளைப் பதித்து, பார்த்துக்கொள் என்று நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். செய்தவர் பெயர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்கர், ஜப்பானியப் பெற்றோருக்கு 1905ல் பிறந்தவர். சரி, யாரோ ஒரு பெரிய ஆள் என்று வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டினால் நடுவில் 'பாண்டிச்சேரி' என்று இருக்கிறது. நான் இருபது வருடமாகக் குடியிருக்கிற ஊர். அவர் வேலை செய்த கட்டடத்தைத் தாண்டித்தான் பல வருடம் சைக்கிளில் போய் வந்திருக்கிறேன்.

அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதியைச் சொல்கிறேன். வெள்ளை நகரத்தில் கடற்கரைச் சாலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். ஹைதராபாத் நிஜாமின் அரசு தந்த நன்கொடையில் எழுந்ததால், கோல்கொண்டா வைரத்தின் நினைவாக வைத்த பெயர். வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்தவர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் ஜப்பானுக்குப் போய், அங்கேயே அலுவலகம் போட்டுக்கொண்டவர். அந்த டோக்கியோ அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்தான் நகாஷிமா. அதற்கு முன்பு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்துவிட்டு, பாரிஸில் கொஞ்ச காலம் சுற்றியிருக்கிறார். புதுச்சேரி வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது ரேமண்ட் இவரை அனுப்பினார்.

1930களின் கடைசி. சிமென்ட் கான்கிரீட்டை அந்த இடத்திலேயே வார்த்து, அப்படி ஒரு கட்டடத்தை எழுப்புவது அன்றைய இந்தியாவில் அதிகம் பேர் பார்த்திராத வேலை. வந்தவருக்குக் கட்டடத்தைவிட ஆசிரமம் பிடித்துப்போனது. சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசியாகவே சேர்ந்துகொண்டார். அரவிந்தர் அவருக்கு 'சுந்தரானந்தா' என்று பெயர் வைத்தார். அழகில் ஆனந்தம் காண்பவன் என்று பொருள்.

அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு முறை உள்ளே போனேன். அது சுற்றுலாத் தலம் கிடையாது. ஆசிரமத்து அன்பர்கள் தங்குகிற இடம். குரல் தாழ்த்திப் பேச வேண்டும். வெளிச்சுவர் என்று ஒன்று பெயருக்குத்தான். தெற்கும் வடக்கும் பார்த்த நீளப் பக்கங்கள் முழுக்க, திருப்பி மூடித் திறக்கிற கிடைமட்டத் தகடுகள். கண்ணாடி ஜன்னலே இல்லை. வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடுகிற ஏற்பாடு. காலடியில் கறுப்பு கடப்பாக்கல். அறைக் கதவுகள் தேக்கில் செய்த தள்ளுகதவுகள். சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடித்திருக்கிறார்கள். காற்று இடுக்கு வழியாகப் போகும்; உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். மே மாதப் புதுச்சேரியில் அந்த நடையில் நின்றபோது எனக்கு வியர்க்கவில்லை.

அறைகளுக்கான தேக்குச் சாமான்களை வடிவமைத்தவர் நகாஷிமா. கட்டில், மேசை, முக்காலி என்று நேர்க்கோட்டில் போகிற எளிய சாமான்கள். செதுக்கல் எதுவும் கிடையாது. பின்னாளில் உலகம் கொண்டாடிய நகாஷிமாவை அதில் தேடினால் ஏமாந்து போவீர்கள். நெளிந்த ஓரமோ பட்டாம்பூச்சியோ அதில் இல்லை. ஆனாலும் அவர் முதன்முதலில் மரச்சாமானில் கை வைத்தது இங்கேதான் என்று அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் இன்றைக்கும் ஒன்றும் ஆடவில்லை. கடல் உப்புக்காற்றில் எண்பது வருடம் தாண்டிய சாமான் அது.

1939ல் போர் மேகம் சூழ்ந்தது. அவர் புதுச்சேரியை விட்டு ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். திரும்பிய கையோடு கட்டடத் தொழிலையே உதறினார். கட்டடம் என்றால் வரைகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர். நடுவில் எத்தனையோ ஓட்டை. முதல் அறுப்பு முதல் கடைசிப் பாலிஷ் வரை தன் கையிலேயே இருக்கிற தொழில் வேண்டும் என்று சியாட்டில் நகரில் சின்னதாக ஒரு மரப்பட்டறை போட்டார்.

பட்டறை நிலைக்கவில்லை. ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்தான். நகாஷிமாவும், மனைவியும், அப்போதுதான் பிறந்த மகள் மீராவும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எம்.ஐ.டி. பட்டதாரி, பாரிஸ், டோக்கியோ, பாண்டிச்சேரி என்று சுற்றியவர், இப்போது பாலைவனத்தில் தார்க்காகிதம் ஒட்டிய ஒரு கொட்டகையில்.

அந்த முகாமில் கெண்டாரோ ஹிக்கோகாவா என்று ஒருவர் இருந்தார். ஜப்பானிய முறையில் பழகிய தச்சர். படித்த நகாஷிமா அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், இழைப்புளியையும் தன் பக்கமாக இழுத்துத்தான் சீவ வேண்டும். உளியைத் தீட்டுவது முதல் கழுந்தைத் துளைக்குள் இம்மி பிசகாமல் இறக்குவது வரை எல்லாவற்றையும் அடியிலிருந்து கற்றுக்கொண்டார். நல்ல மரம் ஏது? கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுகளையும், பாலையில் முளைத்த புதர்களின் முறுக்கிய கட்டைகளையும் வைத்துத்தான் வேலை. கிடைத்த மரத்தின் கோணலை ஒத்துக்கொண்டு வேலை செய்கிற பழக்கம் அங்கேதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தேர்ந்தெடுக்க மரக்கடை இருந்தால் யாரும் கோணல் கட்டையைத் தொடமாட்டார்கள்.

ஒரு நாடு தன் குடிமகனை ஜப்பானியன் என்று சொல்லி அடைத்து வைத்தது. உள்ளே போனவர் அசல் ஜப்பானியத் தச்சராக வெளியே வந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரிவதில்லை.

1943ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு அவர்களை வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊர்ப் பக்கம் ரேமண்டுக்குப் பண்ணை இருந்தது. பண்ணையாள் என்ற பெயரில்தான் விடுதலை. கோழி வளர்த்தார். பால் கறந்து வைக்கிற கொட்டகையின் மூலையில் மேசை செய்தார். பிறகு தச்சு வேலைக்குக் கூலியாக மூன்று ஏக்கர் நிலம் வாங்கி, கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு தங்கி, கல் கல்லாக வைத்து வீடும் பட்டறையும் எழுப்பினார். 2014ல் அமெரிக்க அரசு அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அடைத்து வைத்ததும் அதே அரசுதான்.

அந்தக் காலத்துச் சூழலையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1940களின் கடைசியிலிருந்து ஒரு இருபது வருடம், மேற்கத்திய வீடுகளில் சாமான்கள் அடியோடு மாறின. பூவேலை, சுருள் கால், கனத்த மெத்தை எல்லாம் போய் மெலிந்த, சுத்தமான வடிவங்கள் வந்தன. கலிஃபோர்னியாவில் ஈம்ஸ் தம்பதி பிளைவுட்டை அச்சில் அழுத்தி வளைத்து, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் நாற்காலி செய்ய வழி கண்டார்கள். டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர், தச்சுக் குடும்பங்களின் கைத்திறனைப் புது வடிவத்துக்குத் திருப்பினார். 1949ல் அவர் செய்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் 1960ல் கென்னடி தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்தார். நகாஷிமாவும் இந்த வரிசையில் வைக்கப்படுகிறார். நோல் போன்ற நிறுவனங்களுக்குச் சில நாற்காலிகள் வரைந்தும் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருடைய ஒரு பலகையை அச்சில் போட முடியாது. அந்த மரம் ஒன்றுதான் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்கு ஆட்சேபம் உண்டு. நகாஷிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மரத்தின் ஆன்மா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவரே அப்படிப் பேசுகிறவர்தான். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் அவருடைய மரக்கிடங்கு மறைந்து போகிறது. என்னைக் கேட்டால் மொத்த வித்தையும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அகலவாக்கில்தான் சுருங்கும். அதிலும் வளையங்களைச் சுற்றிப் போகிற திசையில் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகிற திசையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால்தான் முழுக்கட்டை காயும்போது வெடிக்கிறது, பலகை வளைகிறது. போதாததற்கு, வெட்டிய முனைகள் வழியாக ஈரம் மற்ற இடத்தைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதனால் முனைதான் முதலில் பிளக்கும். முனையில் மெழுகோ பெயின்டோ பூசிவைத்தால் வேகம் குறையும். அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காய விட வேண்டும் என்பது ஒரு தோராயக் கணக்கு. நான் ஆறு மாதத்தில் கொடுத்த பலகை இரண்டரை அங்குலம். இப்போது பட்டாசுச் சத்தத்துக்குக் காரணம் புரிந்திருக்கும்.

நகாஷிமா மரத்தை அறுக்கும்போதே மில்லில் கூட நிற்பார். எங்கே அறுத்தால் என்ன ரேகை வரும் என்று பார்த்து ஒவ்வொரு வெட்டையும் அவரே சொல்வார். அறுத்த பலகைகளைக் கலைக்காமல், நடுவில் குச்சி வைத்துக் காற்று புகும்படி, மரம் இருந்த வரிசையிலேயே அடுக்கி வைப்பார். புத்தகத்தின் பக்கங்களை அடுக்குவது மாதிரி. பக்கத்துப் பலகைகள் இரண்டை விரித்துச் சேர்த்தால் ரேகைகள் கண்ணாடியில் பார்த்தது போல இரு பக்கமும் ஒத்து வரும். பலகைகள் வருடக்கணக்கில் கிடக்கும். தகுந்த ஆள் வந்து தகுந்த மேசை கேட்கிற வரைக்கும் சில பலகைகள் கிடந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு லைவ் எட்ஜ் என்று சொல்லி, கடைகளில் நெளிந்த ஓரத்தோடு விற்கிற மேசைகளைப் பார்க்கிறேன். விரிசலில் நீல நிறத்தில் எபாக்ஸி பிசின் ஊற்றி ஆறு என்கிறார்கள். ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிடங்கை விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லவில்லை, சில நன்றாகவும் இருக்கின்றன. நீல ஆறுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீதி நான்கு பலகைகளும் கொல்லைக் கொட்டகையில் குச்சி வைத்த அடுக்கில் எட்டு வருடம் கிடந்தன. மனைவி அவ்வப்போது "சுடுகாட்டுக்குக் கட்டை சேர்த்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்பாள். 2020ல் ஒரு வழியாக வில்லியனூரில் ஒரு ஆசாரியைப் பிடித்தேன். அறுபதைத் தாண்டியவர். பட்டறை என்று போர்டு கிடையாது. வீட்டு முன் தகரக்கொட்டகை. தரையில் உட்கார்ந்து பலகையைக் காலால் பிடித்துக்கொண்டு சீவுகிறவர். நகாஷிமா படங்களைப் போனில் காட்டினேன். நிதானமாக விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதே மாதிரி ஓரத்தை அப்படியே விட்டுடலாம் ஆசாரியாரே."

"இது என்ன மரம் தம்பி?"

"வால்நட். அமெரிக்காவுல வளர்றது."

"அப்ப அமெரிக்காக்காரன் விடட்டும். பலாவுல வெள்ளையை விட்டா ரெண்டே வருஷத்துல மாவா கொட்டும்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஓரத்துக்காகத்தானே இவ்வளவும்! ஆனால் அவர் சொன்னது சரி. பலாவின் உள்வைரம், அதாவது நடுவில் முற்றிய பகுதி, கரையான்கூடத் தயங்குகிற மரம். பட்டையை ஒட்டி இருக்கிற வெளுத்த பகுதியை எங்கள் பக்கம் வெள்ளை என்போம். அது வண்டுக்குச் சோறு. குளிர் நாட்டு வீட்டில் வால்நட்டின் வெளுத்த ஓரம் காலத்துக்கும் நிற்கும். நம் ஊர் ஈரத்தில் அந்த அழகு நிற்காது. நம் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாக ஓரத்தைச் சதுரமாக அறுத்து எறிந்தது ரசனை இல்லாததால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. ஒரு பென்சிலை எடுத்து, வெள்ளைக்கும் வைரத்துக்கும் நடுவே மரத்திலேயே ஓடுகிற எல்லைக்கோட்டின் மேல் இழுத்தார். அந்தக் கோடும் நெளிந்துதான் போனது. "உனக்கு வளைவுதானே வேணும்?" என்றார். வாய்ச்சியால் வெள்ளையை மட்டும் கோடு வரைக்கும் கொத்தி எடுத்து, வளைந்த இழைப்புளியால் சீவி முடித்தார். இப்போது எங்கள் மேசை ஓரத்தில் இருப்பது பலாவின் உள் ஓரம்.

விரிசலுக்கு வந்தோம். முனையில் பெயின்ட் பூசாமல் விட்டதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது. நான் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கட்டை, இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும், என்றெல்லாம். அவர், "உடுக்கையைச் சொல்றியா?" என்றார். ஒரு நொடி எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் பார்த்தால் அச்சு அசல் உடுக்கை வடிவம்தான். நகாஷிமா இதைக் கண்டுபிடித்தவர் இல்லை. பழைய கல் கட்டடங்களிலேயே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இதே வடிவத்தில் உலோகம் வைத்துப் பிணைத்திருக்கிறார்கள். மரத்தில் வழக்கமாக அடிப்பக்கத்தில் மறைவாகப் போடுவது. நகாஷிமா அதை மேலே கொண்டுவந்து எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

பழைய ஈட்டிக் கட்டில் கால் ஒன்று ஆசாரியிடம் இருந்தது. அதிலிருந்து இரண்டு உடுக்கை வெட்டினார். ரேகை பலகையின் ரேகையோடு சேர்ந்து ஓடினால் அழகாக இருக்கும் என்று நான் வாயைத் திறந்தேன். கையில் இருந்த ஒரு சின்னச் சில்லை ரேகை வாக்கிலேயே ஒடித்துக் காட்டினார். பட்டென்று வந்தது. குறுக்கே ஒடிக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. அதாவது உடுக்கையின் ரேகை விரிசலுக்குக் குறுக்கே ஓட வேண்டும். அப்போதுதான் மரம் தன் முழு பலத்தோடு இழுத்துப் பிடிக்கும். திருப்பி வைத்தால் இடுப்பிலேயே உடைந்துவிடும். எத்தனையோ கட்டுரை படித்த எனக்கு இது உறைக்கவில்லை.

உடுக்கையின் பக்கங்களைக் கீழ்நோக்கி ஒரு மயிரிழை சரித்துச் சீவினார், ஆப்பு மாதிரி. பலகை மேல் வைத்துக் கத்தி முனையால் சுற்றிக் கோடு கிழித்தார். பென்சில் கோடு தடிமனாம். உளியால் பலகையின் பாதித் தடிமன் வரை குழி எடுத்து, பசை தடவி, கொட்டாப்புளியால் அடித்து இறக்கினார். கடைசி இரண்டு அடிக்குச் சத்தம் மாறியது. அதைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினார். மேலே துருத்தியதைச் சீவியபோது கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே நகம் போக இடமில்லை. பலகையை அடிச்சட்டத்தோடு பூட்டும்போது ஸ்க்ரூ ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் அகலவாக்கில் நீளமாகக் குடைந்தார். பலகை சுருங்கினாலும் விரிந்தாலும் ஸ்க்ரூ அந்த நீளத்துக்குள் நகர்ந்துகொள்ளும். பழைய மேசையில் இது ஒன்றைச் செய்திருந்தால் அந்தப் பலகை பிழைத்திருக்கும்.

வேலை நடந்த நாட்களில் நகாஷிமாவின் படங்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதிக நேரம் பார்த்தது 1960ல் செய்த ஒரு நாற்காலியை. கோனாய்டு நாற்காலி என்று பெயர். நகாஷிமா தன் வரைவுக்கூடத்துக்கு மேல் கிளிஞ்சல் மாதிரி மடிந்த, சில அங்குலமே தடிமனுள்ள கான்கிரீட் கூரை ஒன்று போட்டிருந்தார். பாண்டிச்சேரியில் பிடித்த கான்கிரீட்டை அவர் விடவேயில்லை. அந்தக் கூடத்தின் பெயர்தான் நாற்காலிக்கும். அதற்கு இரண்டே கால். இரண்டு காலும் தரையில் படுத்த இரண்டு கட்டைகளின் மேல் நிற்கும். இருக்கை முன்னால் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் இருக்கும். முதுகுக்கு ஹிக்கரி மரத்தில் மெல்லிய குச்சிகள். இது நிற்காது, உடையும் என்று அப்போதே பேசினார்கள். அறுபது வருடத்துக்கு மேலாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆசாரி உடையும் என்று சொல்லவில்லை. "கால் சட்டத்துல ஏறுற இடத்தைக் காட்டு" என்றார். அந்த மூலையைப் பெரிதாக்கிக் காட்டினேன். "குச்சி வேற மரமா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் பார்த்தேன். இருக்கைக்குக் கனமான மரம், முதுகுக்கு வளைஞ்சு கொடுக்கிற மரம். தெரிஞ்சவன்தான்" என்றார். யாரிடமும் அவ்வளவு சுலபமாக இந்தச் சான்றிதழ் வாங்க முடியாது என்று எனக்கு அந்த ஒரு மாதத்தில் தெரிந்திருந்தது.

நகாஷிமா நாட்டுக்குத் திரும்பிய பிறகும் இந்தியாவை மறக்கவில்லை. 1964ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, அங்கேயே செய்வதற்கென்று சாமான்கள் வரைந்து கொடுத்தார். அதே வருடம் ஜப்பானின் தகமட்சு நகரத் தச்சர்களோடும் கூட்டுச் சேர்ந்தார். 1973ல் அமெரிக்கச் செல்வந்தர் நெல்சன் ராக்ஃபெல்லர் தன் வீட்டுக்கு இருநூறு சாமான்களுக்கு மேல் கேட்டு வாங்கினார். தொழில் பெருகினாலும் நெடுங்காலம் சாமான்களில் அவர் தன் பெயரைப் போடவில்லை. அடிப்பக்கத்தில் மையால் எழுதியது வாங்குகிறவர் பெயரை. ஆட்கள் கேட்டுக் கேட்டுக் கடைசிக் காலத்தில்தான் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். 1990ல் இறந்தார். 2006ல் அவருடைய ஒரு மேசை ஏலத்தில் 8 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. இந்த ஏலக்கதை நமக்குப் புதிதில்லை. சண்டிகரில் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே அலுவலகங்களுக்குச் செய்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளைக் காயலான் கடைச் சாமானாக மொட்டை மாடியில் குவித்து வைத்திருந்தோம். வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிப்போய்ப் பழுது பார்த்து லட்சங்களில் விற்றார்கள். கோல்கொண்டே நாற்காலிகளுக்கு அந்தக் கதி வராததற்குக் காரணம் எளிது. அவற்றில் இன்னும் ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு பெரிய வால்நட் மரம் கிடைத்தது. அதை வைத்துப் பிரம்மாண்டமான ஒரு அமைதி மேசை செய்தார். கண்டத்துக்கு ஒன்று வைக்க வேண்டும் என்பது ஆசை. முதல் மேசை 1986ன் கடைசி நாளில் நியூயார்க்கில் ஒரு பேராலயத்துக்குப் போனது. ஆசியாவுக்கான மேசை, அவர் போன பிறகு மீராவின் மேற்பார்வையில் செய்யப்பட்டு, ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரைமணி நேரம்.

ஆசாரியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவர் எல்லோரையும் போல மேலே பார்க்கவில்லை. குனிந்து, தரையில் ஒரு கையை ஊன்றி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, இரண்டு பலகை சேர்கிற நடுக்கோட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். திரும்பி வரும் வழியில் டீக்கடையில்தான் வாயைத் திறந்தார். "அவ்ளோ அகலப் பலகைய எத்தினி வருஷம் காயப்போட்டான்னு கேளு" என்றார். மேசை எப்படி இருந்தது என்று அதற்கு மேல் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

இந்தச் சித்திரையில் மகளுக்குத் தேர்வு. கூடத்தில் ஏசி ராப்பகலாக ஓடியது. ஒரு நாள் சாப்பிடும்போது பார்த்தேன். விரிசல் இரண்டாவது உடுக்கையைத் தாண்டி அரை அங்குலம் உள்ளே வந்திருந்தது. பதறிப்போய் ஆசாரிக்குப் போன் அடித்தேன். இரண்டு நாள் கழித்துச் சாவகாசமாக வந்தார். விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தார். ஏசியை அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவி கொண்டுவந்த காபியை வாங்கி விரிசல் மேலேயே வைத்தார்.

"இன்னொரு உடுக்கை போட்டுடலாமா?" என்றேன்.

"ஐப்பசி மழை வரட்டும் தம்பி" என்றார். "அதுவா மூடுதான்னு பார்ப்போம்."